பள்ளிப் பிள்ளைகளின் செவிப்புலன்

கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தார் வள்ளுவர். கல்லாதவனும் கேட்டறிந்து உய்யலாம் என்பது அவர் கருத்து. கேள்விக்கு வாயிலாகிய செவியே குறைபடின் பிள்ளை எங்ஙனம் கற்கும்?

முற்றும் கேளாத பிள்ளையை வீட்டார் விரைவில் அறிவர். அரைகுறையாய்க் கேட்கும் பிள்ளையே கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. உயிரெழுத்துக்களின் ஓசை வலியது. தாழ்ந்த சுருதி உடையது. ச, த முதலிய மெய்களின் ஓசை மெலியது. உயர்ந்த சுருதி உடையது. ஆதலின் செவி மங்குங்கால் பெரும்பாலும் மெய்களின் வேறுபாடே முதலிற் கெடும். 'பத்து' என்று உபாத்தியாயர் சொல்லப் 'பட்டு' என்று பிள்ளை எழுதும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புமாகையால் ஒருவரும் ஐயுறார். மந்தம், சோம்பல் என்னும் பழிச்சொற்களே அதற்குக் கிடைக்கும்.

இதன் காரணங்கள் பல. தீப்பெட்டித் தொழிலாற் பெயர்பெற்ற கோவில்பட்டிச் சீமையில் தீக்குச்சிக்குக் குறைவில்லை. அதனாற் காது குடைந்தால் குறும்பி உள்ளே தள்ளப்படும். செவிப்பறை கிழியவும் கூடும். சளி பிடித்தபோது மூக்கின் பின்புறத்தினின்று நடுச்செவிக்குச் செல்லும் குழல் அடைபட்டு, அங்கே நீர் தங்கிச் சீழாகும். சீழ் ஒழுகும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது தீங்கையே பெருக்கும். நெருங்கிய உறவில் மணம் புரிதலும், கருவுற்ற தாயைப் பற்றும் ரூபெல்லா நோயும் பிறவிச் செவிட்டுக்குக் காரணமாதல் உண்டு. ரூபெல்லாவைத் தடுக்கும் ஊசி, தட்டம்மை ஊசியோடு சேர்த்து, 2017-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பெருவாரியாக இடப்பட்டது.

உபாத்தியாயரே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றுண்டு. பிள்ளைக்குப் பின்னே இரண்டடி தூரத்தில் நின்று, ஒரு காதை மூடுவித்து, மெல்லிய இரகசியக் குரலிற் சில சொற்களைக் கூறித் திரும்பச் சொல்லச் செய்க. மற்றைக் காதுக்கும் அவ்வாறே செய்க. தவறும் பிள்ளையை வைத்தியரிடம் அனுப்புக. அங்கே ஆடியோமீட்டர் என்னும் கருவியால் 500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்பித்துக் குறையின் அளவை அறிவர். 2013-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்கிரமத்தில், 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குச் செய்யும் சோதனைகளுள் செவிச் சோதனையும் ஒன்று.

குறும்பியை வைத்தியர் எளிதில் அகற்றுவார். சீழுக்கு மருந்துண்டு, கிழிந்த செவிப்பறையைத் தைலமோ பச்சிலையோ ஒட்டாது, சத்திரசிகிச்சை ஒட்டும். உட்செவி நரம்பு கெட்டவர்க்குக் கேட்கும் கருவியும், அதுவும் பயன்படாத சிறுவர்க்குக் காக்ளியர் கருவியும் உதவும். பேச்சு படியும் இளம்பருவத்திலேயே இவற்றைப் பொருத்துதல் வேண்டும். காலங் கடந்தால் பயன் குறையும்.

முற்றும் கேளாதாரும் கல்விக்கு உரியரே. கோவில்பட்டிக்குத் தெற்கே பாளையங்கோட்டையில், 1890-களில், புளோரன்ஸ் சுவைன்சன் என்னும் மிஷனெரி அம்மையார் அத்தகைய பிள்ளைகளுக்குப் பள்ளி நிறுவினார். அஃது அவர் பெயராலேயே வழங்குகிறது.

நம்முள் பலர் நாளை கரிசற்காட்டுக் கிராமங்களில் உபாத்தியாயராவோம். கடைசி வரிசையில் விழித்திருக்கும் பிள்ளையை 'மந்தம்' என்று ஒதுக்குமுன், அதன் செவியைச் சோதித்துப் பார்ப்போமாக. முன் வரிசையில் ஓர் இடமும், முகம் நோக்கிப் பேசும் ஒரு வாயுமே சில பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்துவிடும்.