ஓசையில்லாத மீன் தொட்டி



வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்போரிடம் ஒரு பழக்கம் உண்டு. இரவு படுக்கப் போகும்முன் நீரிறைக்கும் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். காரணம், சத்தம். விடியுமுன் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள் இருக்கும் வீட்டில், இரவெல்லாம் 'குடுகுடு'வென்று தண்ணீர் வடிந்தால் யாரால் உறங்க முடியும்?

ஆனால் மோட்டார் நின்றுவிட்டால் மீனுக்கு என்ன ஆகிறது? இரவில் வெளிச்சம் இல்லாததால் தொட்டியில் உள்ள செடிகள் உயிர்வளியை வெளிவிடுவதில்லை. மீன்களைப் போலவே அவையும் அதை எடுத்துக்கொள்கின்றன. மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டிப் பஞ்சில் வாழ்கின்றன. ஓடும் நீர் நின்றால் அவையும் மூச்சு முட்டி மடியத் தொடங்கும். காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது இதனால்தான். ஆகவே மோட்டாரை நிறுத்துவது வழியல்ல. சத்தத்தை நிறுத்துவதே வழி.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

மேலே கண்ணாடித் தொட்டி, கீழே வடிகட்டியும் மோட்டாரும் உள்ள இன்னொரு தொட்டி. மேலிருந்து குழாய்வழி நீர் கீழே வடிகிறது. மோட்டார் அதை மீண்டும் மேலே ஏற்றுகிறது. வடிகுழாயில் தண்ணீர் மட்டும் போனால் ஓசை எழாது. கூடவே காற்றும் போவதால்தான் எழுகிறது. நீர் நிறைந்த போத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் குடுக் குடுக்கென்று கொட்டுகிறதல்லவா? காற்று உள்ளே புகுவதும் நீர் வெளியே வருவதும் போட்டி போடுவதால் எழும் ஒலி அது. தகரத்திலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர் குழாய் வைத்து இழுக்கும்போதோ அப்படி ஒரு சத்தமும் இல்லை. குழாய் முழுக்க எண்ணெயே நிறைந்திருக்கிறது. காற்றுக்கு அங்கே இடமில்லை.

இந்த இரண்டாவது உதாரணமே நமக்கு வழிகாட்டி. வடிகுழாயை எப்போதும் நீர் நிறைந்ததாக வைத்துவிட்டால் ஓசை அடங்கிவிடும். மீன் வளர்ப்போர் இதை ஹெர்பி முறை என்பார்கள்.

அமைக்கும் விதம்

தொட்டியின் ஒரு மூலையில், சுமார் 15 சென்டிமீட்டர் சதுரத்தில், கண்ணாடித் தடுப்பு வைத்து ஒரு சிறு அறை உண்டாக்க வேண்டும். தடுப்பின் மேல் விளிம்பு சீப்புப் பல்போல் வெட்டப்பட்டிருந்தால் மீன் உள்ளே விழாது. அறையின் அடியில் இரண்டு துளைகள், அவற்றில் இரண்டு ஒரு அங்குல பி.வி.சி. குழாய்கள். துளை போடும் வேலையைக் கண்ணாடிக் கடைக்காரரிடம் விடுவதே நல்லது. சூட்டில் பதப்படுத்திய கண்ணாடியில் துளையிட்டால் முழுத் தகடும் நொறுங்கிவிடும். அதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அறைக்குள் நிற்கும் குழாய்களுக்குப் பசை போடாமல் இறுகச் செருகினால் போதும். பின்னால் கழற்றிக் கழுவலாம்.

முதற்குழாய் குட்டையானது, அதன் வாய் எப்போதும் நீருக்குள் அமிழ்ந்திருக்கும். கீழே கை எட்டும் இடத்தில் அதற்கு ஒரு வால்வு பொருத்த வேண்டும். அதன் கடைசி முனை கீழ்த்தொட்டி நீருக்குள் ஓர் அங்குலம் மட்டும் மூழ்கட்டும். அதிகம் மூழ்கினால் குழாயிலுள்ள காற்று வெளியேற முடியாமல் தவிக்கும்.

இரண்டாவது குழாய் காவற்காரன். முதற்குழாயைவிட அதன் வாய் 10 சென்டிமீட்டர் உயரமாகவும், தடுப்பின் விளிம்புக்கு 4, 5 சென்டிமீட்டர் தாழ்வாகவும் இருக்க வேண்டும். இதற்கு வால்வு வைக்கவே கூடாது. இதன் கடைசி முனை கீழ்த்தொட்டி நீருக்குச் சற்று மேலே நிற்கட்டும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறோம்.

மோட்டாரைப் போட்டதும் முதலில் சில நிமிடம் சத்தம் வரும். காற்று வெளியேறும் சத்தம் அது. பிறகு வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக அடையுங்கள். மூலை அறையில் நீர் உயர்ந்து, நூல்போல மெல்லிய ஒழுக்கு மட்டும் இரண்டாவது குழாய்க்குள் இறங்கும் நிலை வரும். அங்கே நிறுத்துங்கள். அந்த ஒழுக்கு குழாயின் சுவரை ஒட்டியே வழிவதால் ஓசை எழுவதில்லை. வால்வை அதிகம் திறந்தால் நீர் தாழ்ந்து, முதற்குழாய் காற்றை உறிஞ்சி, பழைய 'குடுகுடு' திரும்பிவிடும். ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒரு நாள் இலையோ பாசியோ முதற்குழாயை அடைத்துவிட்டால்? நீர் உயர்ந்து இரண்டாவது குழாய்வழி இரைச்சலோடு கீழே கொட்டும். வீடு நனையாது; ஆனால் நம் காதில் விழும். அதற்காகத்தான் அதன் முனையை நீருக்கு மேலே நிறுத்தச் சொன்னோம். அமைதியான வீட்டில் அந்த இரைச்சலே எச்சரிக்கை மணி.

மின்சாரம் நின்றால்

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். மோட்டார் நின்றதும் மேலேயுள்ள நீரில் ஒரு பகுதி கீழே இறங்கும். எவ்வளவு என்று கணக்குப் போடுவோம். தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் அகலம் என்றால், நீர் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தாலே 3.6 லிட்டர். நீரை மேலேற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 3 சென்டிமீட்டர் கீழே இருந்தால், அந்த வாய் வெளியே தெரியும்வரை, அதாவது 10.8 லிட்டர் இறங்கும். மூலை அறையிலிருந்து இன்னும் இரண்டு மூன்று லிட்டர். ஆகக் கீழ்த்தொட்டியில் 20 லிட்டர் கொள்ளும் இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதே வாயை 20 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் 72 லிட்டர் திரும்பி வரும்! தரை என்னாவது? அடுக்குமாடி வீடானால் கீழ்வீட்டுக்காரர் கூரை என்னாவது?

ஆகவே மீன் விடுமுன் இரண்டு சோதனைகளைச் செய்யுங்கள். ஒன்று, மோட்டாரை நிறுத்திக் கீழ்த்தொட்டி வழிகிறதா என்று பாருங்கள். இரண்டு, வால்வை முழுக்க அடைத்துவிட்டு, இரண்டாவது குழாய் தனியாக எல்லா நீரையும் தாங்குகிறதா என்று பாருங்கள். இரண்டிலும் தேறினால் நிம்மதியாக உறங்கலாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். மின்கம்பி சுவர் பிளக்கைவிடத் தாழ வளைந்து தொங்கி, பிறகு மேலேறட்டும். கம்பிவழி வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நீரில் கை விடுமுன் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. 160 லிட்டர்த் தொட்டி, கண்ணாடியும் கல்லும் சேர்ந்து இரண்டு ஆள் எடைக்கு மேல் இருக்கும். பலகைத் தரையுள்ள வீட்டில் தூண்களுக்கு மேலாக, சுவரோரமாக வையுங்கள். கீழ்த்தொட்டியைச் சன்னமான வலையால் மூடிவிடுங்கள். மீன் இல்லாத அந்த நீரில் மோட்டார் சில நாள் நின்றாலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசு வளர இடம் கொடுப்பது குற்றம்.

ஒரு குழாய் வேலை செய்ய, ஒரு குழாய் காவல் காக்க, கீழே காலியிடம். இந்த மூன்றையும் மறவாதிருந்தால், மீனும் பிழைக்கும், வீடும் நனையாது, உழைத்துக் களைத்தவர்களின் உறக்கமும் கெடாது.