உங்களுக்குத் தெரியுமா? ஒரே ஈ.டி., மூன்று சத்தம்!

இங்கிலீஷில் நேற்று நடந்ததைச் சொல்ல, வினைச்சொல்லின் வாலில் ஈ.டி. என்று இரண்டு எழுத்து ஒட்டுகிறோம் அல்லவா? எழுதுவது ஒரே மாதிரி. சத்தம் மட்டும் மூன்று!

‘வாக்ட்’ என்பதில் பட்டத்தில் வரும் ட். ‘ப்ளேய்ட்’ என்பதில் குடத்தில் வரும் ட. ‘வான்டிட்’ என்பதிலோ ‘இட்’ என்று தனி அசையே முளைத்துவிடுகிறது. வாக்-கெட், டெவலப்-பெட் என்று இழுப்பவரா நீங்கள்? ‘வாக்ட்’ சொல்ல வாயை ஒரே ஒரு முறை திறந்தால் போதும்!

எந்த இடத்தில் எந்தச் சத்தம்? உங்கள் தொண்டையே சொல்லும்! குரல்வளைமேல் இரண்டு விரலை வையுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுங்கள். அசைவே இல்லை. இப்போது ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். விரல்நுனி அதிர்கிறதா? அதிராத ஒலிக்குப் பின்னால் அழுத்தமான ட். அதிரும் ஒலிக்குப் பின்னால் இளகிய ட். ‘வான்ட்’, ‘நீட்’ போல ஏற்கெனவே ட் சத்தத்தில் முடிகிற சொல்லா? ‘இட்’ போடுங்கள். சட்டம் அவ்வளவுதான்!

இந்தச் சட்டம் தமிழ் வாய்க்குப் புதுசே இல்லை! பட்டம், பண்டம் என்று சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே ட. பட்டத்தில் இறுகுகிறது, பண்டத்தில் இளகுகிறது. எந்த வாத்தியாரும் இதை உங்களுக்குச் சொல்லித் தரவில்லை!

நம் இறந்தகாலமும் வினையைப் பார்த்துத்தான் உரு மாறுகிறது. செய் என்றால் செய்தான். உண் என்றால் உண்டான். தின் என்றால் தின்றான். பாடு என்றால் பாடினான். த், ட், ற், இன் என்று நடுவில் வரும் இந்த இடைநிலைகளை 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலில் எழுதி வைத்துவிட்டார் பவணந்தி முனிவர். இங்கிலீஷுக்கு மூன்று சத்தம். நமக்கு 4 இடைநிலை!

இந்த உச்சரிப்பு விஷயத்துக்கு இந்தியாவில் ஒரு தலைநகரம் உண்டு. ஹைதராபாத்! 1958-இல் அங்கே தொடங்கியது சென்ட்ரல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இங்கிலீஷ். இன்று அதுதான் தார்நாகாவில், உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ‘இஃப்லூ’ பல்கலைக்கழகம்!

நாம் பேசும் இங்கிலீஷ் பிரிட்டிஷ்காரர் காதில் எவ்வளவு ஏறுகிறது? அந்த நிறுவனத்தின் ஆர்.கே. பன்சல் ஆளை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி அளந்தே பார்த்துவிட்டார். 1969-இல் ஆய்வு அச்சில் வந்தது. சராசரி 70 சதவீதம்!

நம் ஊர்ப் பேச்சொலிகளையும் ஆராய்ந்த டி. பாலசுப்பிரமணியன் அங்கே பேராசிரியராக இருந்தவர். இந்திய மாணவர்களுக்கென்றே அவர் எழுதிய ஆங்கில ஒலியியல் பாடநூல் 1981-இல் வந்தது. அதே நூலைக் கல்லூரிகளில் இன்னமும் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்!

அதே 1958-இல் அமெரிக்காவில் இன்னொரு கூத்து. ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர் உலகத்திலேயே இல்லாத சொற்களைக் குழந்தைகளிடம் நீட்டினார். ‘ரிக்’ என்றார். நேற்று செய்ததைச் சொல்லு என்றதும் ‘ரிக்ட்’ என்றன பிள்ளைகள். கேட்டே இராத சொல்லுக்குச் சரியான வால்! ஆனால் ‘மாட்’ என்ற பொய்ச்சொல் வந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் ‘மாட்டிட்’ என்று சொல்லாமல் ‘மாட்’ என்றே விட்டுவிட்டன. தாய்மொழிக்காரப் பிள்ளைகளுக்கே ‘இட்’ உதைக்கிறது. நாம் கூச்சப்பட வேண்டியதே இல்லை!

பழைய இங்கிலீஷில் ஈ.டி. பெரும்பாலும் தனி அசைதான்! நடுவில் இருந்த உயிரெழுத்தை ஜனங்கள் விழுங்க விழுங்க, எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டுக்குக் கோபம் வந்தது. பாஷையைக் கெடுக்கிறார்கள் என்று அச்சிலேயே புலம்பினார். ஆண்டு 1712! விழுங்காமல் தப்பிய பழைய சொற்கள் இன்றும் சில உண்டு. நேக்கிட், விக்கிட்!

‘கிளிம்ப்ஸ்ட்’ என்று ஒரு சொல். கண நேரம் கண்ணில் பட்டது என்று அர்த்தம். கடைசியில் ம், ப், ஸ், ட். வரிசையாக 4 மெய், நடுவில் ஓர் உயிரும் இல்லை!

தமிழில் வல்லின மெய்யில் சொல்லே முடியாது. அதனால்தான் நமக்கு ‘ஆஸ்க்டு’, ‘ஜம்ப்டு’ என்று ஒரு குட்டி உகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஹைதராபாத் தெலுங்கிலும் அதே கதைதான். நாம் பஸ்ஸு, ரோடு என்பதுபோல அங்கேயும் பஸ்ஸு, இளகிய ட இரட்டித்த ‘ரோட்டு’. வாலில் அங்கேயும் ஓர் உகரம்!

நம் வாயில் வரும் அந்த உகரத்தைத் தப்பு என்று திட்டாதீர்கள். இலக்கணத்தில் அதற்குப் பெயரே உண்டு. குற்றியலுகரம். முழு உகரத்துக்கு ஒரு மாத்திரை. இதற்கு வெறும் அரை மாத்திரை!

நான் துள்ளிக் குதித்த இடம் இதுதான். காடு, எல்லாம் இரண்டும் சேர்ந்தால் காடெல்லாம். பின்னால் உயிர் வந்ததும் குற்றியலுகரம் ஓடிவிடுகிறது. அப்படியே ‘லைக்டு’, ‘இட்’ இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். லைக்டிட்! லண்டன்காரர் சொல்வதும் அதேதான்! ‘ஆஸ்க்டு’, ‘அஸ்’ சேர்ந்தால் ஆஸ்க்டஸ். உகரம் எங்கே? காணோம்! தனியாக நின்றால் இடறுகிற சொல்லை நம் புணர்ச்சி விதியே தூக்கிவிடுகிறது!

‘யூஸ்’ சொல்லுக்கு ஒரே ஸ்பெல்லிங்கில் இரண்டு கடந்தகாலம்! பேனாவைப் பயன்படுத்தினேன் என்றால் நடுவில் வண்டு ரீங்காரம் போல அதிரும் ஸ. முன்பெல்லாம் அப்படிச் செய்வேன் என்றால் காற்று மட்டும் வரும் ஸ். அதோடு ‘யூஸ்ட் டு’வின் இரண்டு ட் ஒன்றாகிவிடும்!

கடைசியாக ‘இங்’ வால். ‘சிங்கிங்’ என்று க போட்டு அழுத்துகிறோம். லண்டன்காரர் வாயில் அங்கே க கிடையாது. வெறும் ங மட்டும்தான்! வராதே என்கிறீர்களா? கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே எழுதுவீர்களே, அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். இங்ஙனம்!