ஒரு கண்டுபிடிப்பும் மூன்று கட்டுரை அமைப்புகளும்

எழுத்தின் அமைப்பு அதன் நோக்கத்தைப் பொறுத்தது. பொருள் ஒன்றேயாயினும், யாருக்காக, எதன் பொருட்டு எழுதப்படுகிறது என்பதற்கேற்ப, முன்னே நிற்க வேண்டுவதும் பின்னே வர வேண்டுவதும் மாறுபடும். ராமன் விளைவைப் பற்றி 1928 முதல் 1930 வரை எழுந்த மூன்று எழுத்துக்கள் இவ்வுண்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டுக்களாகும்.

ஒளி ஒரு பொருளின் மூலக்கூறுகளாற் சிதறும்போது, சிதறிய ஒளியின் மிகச் சிறு பகுதி அலைநீளம் மாறி வெளிவருகிறது. இதுவே ராமன் விளைவு. இதனைக் கல்கத்தாவில் கண்ட பேராசிரியர் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும், 1928 பிப்ரவரி 16 என்று நாளிட்டு, லண்டனிலிருந்து வெளிவரும் 'நேச்சர்' சஞ்சிகைக்கு ஒரு சிறு கடிதம் விடுத்தனர். அது மார்ச் 31 இதழில் வெளியாயிற்று. கண்டதை விரைவிற் பதிவு செய்வதே அதன் நோக்கம். எனவே, எக்ஸ்-கதிர்ச் சிதறலை ஒப்பிட்டு எழுந்த கருதுகோள் முதலில் வருகிறது. அடுத்துச் சோதனை முறையும், ஏறத்தாழ 60 திரவங்களிலும் விளைவு தோன்றியது என்ற முடிவும் வருகின்றன. 'இது வெறும் ஒளிர்வுதானோ?' என்ற ஐயத்திற்கு விடையும் அதிலேயே உண்டு. ஆராய்ச்சியின் வரலாற்றுக்கு அங்கே இடமில்லை.

இவ்விரைவு வீணன்று. அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் என்னும் இருவர் படிகங்களில் இவ்விளைவையே தனித்துக் கண்டனர்; அவர்களுடைய அறிவிப்பு அச்சேறியதோ சில மாதங்களுக்குப் பின்னரே. முந்துரிமையை ஆராய்வோர்க்கு அச்சேறிய நாள் ஒரு முதன்மையான சான்றாகும்.

இரண்டாவது, 1928 மார்ச் 16-இல் ராமன் பெங்களூரில் நிகழ்த்திய சொற்பொழிவு. இது பின்னர் 'இந்தியன் ஜர்னல் ஆப் பிஸிக்ஸ்' இதழில் வெளிவந்தது. பிற விஞ்ஞானிகள் சோதித்து ஏற்கவோ மறுக்கவோ துணை செய்வது இதன் நோக்கம். ஆதலின் பொருள் சிறு தலைப்புக்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. நிறமாலைப் புகைப்படங்கள் சான்றாகத் தரப்பட்டுள்ளன. எழக்கூடிய வினாக்கள் ஒவ்வொன்றாக ஆராயப்படுகின்றன. இனி ஆராய வேண்டியவையும் சுட்டப்படுகின்றன.

மூன்றாவது, 1930 டிசம்பர் 11-இல் ஸ்டாக்ஹோமில் அவர் ஆற்றிய நோபெல் உரை. அப்போது விளைவு நிலைநாட்டப்பட்டுவிட்டது. மெய்ப்பிக்க வேண்டிய தேவை இல்லை. அது எவ்வாறு பிறந்தது என்பதையே கேட்போர் அறிய விரும்புவர். ஆகவே உரை கடலின் நிறத்தில் தொடங்குகிறது. 1921-இல் ஐரோப்பா சென்ற பயணத்தில் மத்தியதரைக் கடலின் நீலம் எழுப்பிய வினாவிலிருந்து, காலமுறைப்படி கண்டுபிடிப்பை நோக்கி நடக்கிறது.

கடிதம் கடலின் நீலத்தில் தொடங்கியிருந்தால், முடிவைத் தேடும் விஞ்ஞானி பொறுமை இழந்திருப்பார். நோபெல் உரை கருவிகளின் அளவுகளில் தொடங்கியிருந்தால், அவையோர் ஆராய்ச்சியின் வழியை அறிந்திருக்க மாட்டார்கள். ஒன்றிற் குணமாவது மற்றொன்றிற் குறையாகிறது. படிப்பவர் யாவர், படித்தபின் அவர் செய்ய வேண்டுவது யாது என்னும் இரு வினாக்களுக்கு முதலில் விடை கண்டு எழுதுவோர்க்கு, கட்டுரையின் ஒழுங்கு தானே புலப்படும்.