சுமைதாங்கிக் கல்

நட்டு வைத்த இரண்டு கற்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு பலகைக்கல். கதவில்லாத வாசல்போல இருக்கும். உயரம் ஏறக்குறைய தோள் மட்டம்: தலைச்சுமையோடு வருபவர் குனியாமல், கைகொடுக்க ஆள் தேடாமல் மூட்டையை அப்படியே நகர்த்தி வைக்கலாம்; மறுபடி தலைக்கு ஏற்றுவதும் எளிது.

வயிற்றுப் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வீட்டார் நட்டுவந்த கல் இது. அவள் இறக்கி வைக்காமல் போன சுமையை வழிப்போக்கர் இறக்கி வைத்தால் அவள் ஆன்மா ஆறும் என்பது நம்பிக்கை. சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டியிருப்பார்கள். பலவற்றில் ஓர் எழுத்தும் இராது.

இன்று நிலைமை வேறு. திருச்சி பக்கத்து மண்ணச்சநல்லூரையே பாருங்கள்: அரிசி ஆலைகளின் ஊர். நம்பர் 1 டோல்கேட் தாண்டித் துறையூர் போகும் சாலையில் இப்போது மூட்டைகள் லாரியில் போகின்றன, வயலோரங்களில் வீட்டுமனைகள். சுமப்பவர் குறைந்தபின் கல்லுக்கு வேலை இல்லை. சாலை அகலமாகும்போது இப்படிப்பட்ட கற்களைப் பெயர்ப்பது தமிழகமெங்கும் நடப்பது. தப்பியவையும் பாதி மண்ணில் புதைந்து, பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் திண்ணையாகிவிடுகின்றன. உட்காரலாம், தவறில்லை. கையில் பை இருந்தால் அதையும் மேலே வையுங்கள்.