ரெக்கார்ட் பிளேயர் வாங்குமுன் பரணில் ஏறுங்கள்

கடலூர் முதுநகரிலோ சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளிலோ பழைய வீடு ஒன்றை ஒழித்துக் கட்டும்போது, பரணிலிருந்து பித்தளைப் பாத்திரங்களோடு சில சமயம் இசைத்தட்டுகளும் இறங்கும். தூசி தட்டிப் பார்த்த கையோடு, இதைப் போட்டுக் கேட்க ஒரு பிளேயர் வாங்கலாமே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். உடனே கைபேசியில் விலை பார்ப்பார்கள். அதற்குமுன் பார்க்க வேண்டியது தட்டு எந்த வகை என்பதைத்தான்.

பத்து அங்குல அகலம், கனம், கீழே விழுந்தால் ஓடு போல் உடையும், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடப் பாட்டு என்றால் அது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் ஷெல்லாக் தட்டு. இந்தப் பகுதிக்குச் சொந்தமான குரல்கள் பல இதில்தான் இருக்கின்றன. சிதம்பரத்தில் பிறந்த சி.எஸ். ஜெயராமன் ‘பராசக்தி’யில் (1952) பாடியது தட்டாக வீடுகளுக்கு வந்தது. தில்லைக்குப் போகத் துடித்த நந்தனாராக 1942இல் ஜெமினி படத்தில் நடித்துப் பாடிய எம்.எம். தண்டபாணி தேசிகர், பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத் துறைக்கே தலைவராக இருந்தார். அவர் பாட்டுகளும் அந்தக் காலத்து 78 தட்டுகள்தான். மேல்நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகும் இந்தியாவில் அது தொடர்ந்தது. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட 1960களில் இங்கே 78 தட்டாக அச்சாயின.

ஷெல்லாக் என்பது நம்முடைய அரக்குதான். மரப் பூச்சிகள் தரும் அரக்கோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்திய தட்டு அது. மேசைக்கு பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில் கரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே ஸ்பிரிட்டையோ சானிட்டைசரையோ பஞ்சில் நனைத்து 78 தட்டைத் துடைத்தால் அழுக்கோடு பாட்டும் கரைந்து வந்துவிடும். இதற்குக் காய்ச்சி வடித்த நீரும் மெல்லிய துணியும் போதும், பிறகு உடனே உலர்த்திவிட வேண்டும்.

பன்னிரண்டு அங்குலம், வளைந்து கொடுக்கும், பக்கத்துக்கு இருபது நிமிடம் ஓடும் என்றால் அது வினைல் எல்.பி. 1948இல் அமெரிக்காவில் வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. மறு வருடமே 45 சுற்றுச் சின்னத் தட்டு வந்தது.

எல்லாம் சுற்றுவதுதானே, எந்தப் பிளேயரானால் என்ன? இங்கேதான் பலர் காசை விடுகிறார்கள். 78 தட்டின் பள்ளம் அகலம். அதற்கேற்ற முள்முனை ஏறக்குறைய 75 மைக்ரான் ஆரம் கொண்டது. ஸ்டீரியோ எல்.பி.க்கு 18 மைக்ரான் போதும். எல்.பி. முள்ளை 78இல் வைத்தால் அது பள்ளத்தின் சுவரில் சாயாமல் அடியில் கிடக்கும் குப்பையில் உரசிக்கொண்டு போகும். பாட்டைவிட இரைச்சல் தூக்கலாகக் கேட்கும். 78 முள்ளை எல்.பி.யில் வைப்பது அதைவிட மோசம், தட்டே பாழ். சாவி கொடுக்கும் கிராமபோனில் எல்.பி. போட்டுப் பார்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. அதன் இரும்பு ஊசிக்குமேல் நூறு கிராமுக்கு மேல் சுமை. ஒரே ஓட்டத்தில் வினைல் பள்ளத்தை உழுதுவிடும்.

ஆக, பரணில் 78 இருந்தால் மூன்று வேகமும், கழற்றி மாற்றக்கூடிய முள்ளும் உள்ள பிளேயராகப் பாருங்கள். ஆடியோ டெக்னிகா எல்.பி.120எக்ஸ் அப்படிப்பட்டது. முள்ளைத் தாங்கும் அதன் கார்ட்ரிட்ஜில் எல்.பி. முள்ளை உருவிவிட்டு 78 முள்ளைச் செருகலாம், திருகாணி வேண்டாம். எல்.பி. மட்டும் என்றால் அதே கம்பெனியின் எளிய எல்.பி.60எக்ஸ் போதும், ஆனால் அதில் முள் தட்டை அழுத்தும் எடையை மாற்ற முடியாது, கார்ட்ரிட்ஜை மேம்படுத்தவும் வழியில்லை. ரேகா பிளானர் 1 ஒலிக்குப் பேர்போனது, 78 ஓடாது. பார்க்க அழகாக இருக்கும் சூட்கேஸ் மாடல்களில் பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ், ஐந்து கிராமுக்குக் குறையாத அழுத்தம். நல்ல தட்டு வைத்திருப்பவருக்கு நான் அதைச் சொல்லவே மாட்டேன்.

பரங்கிப்பேட்டை, லால்பேட்டைப் பக்கம் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேயர்கள் கைமாறும். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வந்ததில் பிரச்சினை இல்லை, அங்கேயும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். சவூதி, அமெரிக்கச் சரக்கு 60 ஹெர்ட்ஸுக்குச் செய்திருக்கும். பழைய பிளேயர்கள் பலவற்றில் மோட்டார் வீட்டு மின்சாரத்தின் துடிப்போடு கட்டுண்டு சுற்றும். நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். அனல் நிலையத்தில் ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் 50 ஹெர்ட்ஸ், அந்தத் தாளத்துக்குத்தான் உங்கள் வீட்டுத் தட்டும் சுற்றுகிறது. 60க்குச் செய்த மோட்டார் இங்கே 33⅓க்குப் பதில் 27.8 சுற்றுதான் போகும். சுருதி ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். வோல்டேஜுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வைப்பார்கள், அது ஹெர்ட்ஸை மாற்றாது. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

1990களில் தென்மாநில மின்தொகுப்பு 48 ஹெர்ட்ஸ் பக்கம் தொங்கிய நாட்கள் உண்டு. அந்த மாலைகளில் இந்த வகைப் பிளேயரில் பாடியவர்கள் எல்லாரும் அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி இறங்கியே பாடியிருப்பார்கள். 2013 டிசம்பர் 31இல் தென்தொகுப்பு நாட்டுத் தொகுப்போடு இணைந்துவிட்டது. இப்போது 50ஐ ஒட்டியே நிற்கிறது. டி.சி. மோட்டார் வைத்தவையும், 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 போல மோட்டாரே நேராகத் தட்டைச் சுழற்றுபவையும் இந்தக் கவலைக்கு வெளியே. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தி எல்.பி.120எக்ஸில் உண்டு. பாட்டு கற்கும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய வசதி: பழைய 78 தட்டுகள் எல்லாம் சரியாக 78இல் பதிவானவை அல்ல, தம்புராவோடு ஒத்துப்போகும்வரை நகர்த்திக்கொள்ளலாம்.

வாங்கியதை மேம்படுத்துவது என்றால் பலருக்குப் புது பிளேயர் நினைவுதான் வருகிறது. என் கணக்கில் முதல் செலவு முள். வைர முள் ஐந்நூறு முதல் ஆயிரம் மணி நேரம் தாங்கும், அதற்குமேல் அது தட்டைச் செதுக்கும் உளி. இருபது நிமிடப் பக்கம் ஒன்றில் முள் கடக்கும் தூரமே நானூறு மீட்டருக்கு மேல். பழைய பிளேயரில் வந்த முள்ளை நம்பவே வேண்டாம். உருண்டை முனைக்குப் பதில் நீள்வட்ட முனை வைத்தால், தட்டின் உள்வட்டத்தில் வழக்கமாக வரும் கரகரப்பு குறையும். கொள்ளிடம் தாண்டிய சீர்காழியின் கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டில் தொடங்கி விடிய விடிய ஓட்டிய மைக் செட் தட்டுகளும் இதில் சில சமயம் பிழைக்கும். பழைய முள் தேய்க்காத உயரத்தில் புது முனை சுவரைத் தொடும்.

அடுத்தது முள் எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு. கார்ட்ரிட்ஜ்காரர் இரண்டு கிராம் என்றால் இரண்டு கிராம். தட்டுக்கு நல்லது என்று ஒரு கிராமில் வைப்பவர்கள் உண்டு. முள் பள்ளத்துக்குள் குதித்துக் குதித்துச் சுவரை இடிக்கும், அதில்தான் சேதம் அதிகம்.

மூன்றாவது போனோ பிரீஆம்ப். காந்த கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட். தவிர, தட்டில் பதியும்போது மந்தரத்தைக் குறைத்து உச்சத்தைத் தூக்கியே வெட்டுகிறார்கள். 1954 முதல் அதற்கு ஒரே அளவுகோல் உண்டு. பிரீஆம்ப் அதைத் திருப்பிச் சரிசெய்கிறது. நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால் தகர டப்பா ஒலிதான் வரும். பிளேயரின் தரைக் கம்பியைப் பிரீஆம்பில் முடுக்காவிட்டால் ‘உம்’ என்று ஓர் இரைச்சல் கூடவே ஓடும்.

கடலோரம் என்பதால் இன்னும் இரண்டு. பெல்ட் பிளேயரை வருடக்கணக்கில் ஓட்டாமல் வைத்தால் வெயிலிலும் புழுக்கத்திலும் ரப்பர் தார் போல் உருகி ஒட்டிக்கொள்ளும். வாங்கும்போதே மாற்றுப் பெல்ட் ஒன்று சேர்த்து வாங்குங்கள். ஈரத்தில் அட்டை உறை பூஞ்சை பிடிக்கும், அது தட்டின் பள்ளத்துக்கும் பரவும். தட்டுகளைப் படுக்க அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி, உள்ளுறையைப் புதிதாக மாற்றுங்கள். 2011இல் தானே புயலையும் 2015இல் வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது; ஐப்பசி பிறக்கும்போது அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ரெக்கார்டும் இருக்கக் கூடாது.