சிசேரியன்: முதுகில் ஊசி போட்டதும் குமட்டுகிறதா... உடனே சொல்லிடுங்க!

"ஆபரேஷனைவிட கையில கட்டியிருந்த பட்டைதான் பயமுறுத்துச்சு. நிமிஷத்துக்கு ஒரு தடவை இறுக்கிக்கிட்டே இருந்துச்சு!"

பென்னாகரத்தில் இருக்கும் என் அக்கா, சிசேரியன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சொன்னது இது. முதுகில் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் குமட்டலும் வந்ததாம். காலையிலிருந்து சாப்பிடாததுதான் காரணம் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் படுத்திருந்தாளாம்.

அந்தக் குமட்டல் பெரும்பாலும் ரத்த அழுத்தம் இறங்குவதற்கான முதல் அறிகுறி. கொட்டாவி, தலைசுற்றல், கண் இருட்டுவது எல்லாம் அதோடு சேர்ந்து வரலாம்.

வலி தெரியாமல் இருக்கப் போடும் ஊசி, ரத்தக்குழாய்களை இறுக்கமாக வைத்திருக்கும் நரம்புகளையும் சேர்த்தே மரக்கச் செய்துவிடும். குழாய்கள் தளர்ந்து, ரத்தம் கால் பக்கம் தேங்கும். மல்லாந்து படுத்தால், நிறைமாதக் கருப்பையின் கனம் இதயத்துக்குத் திரும்பும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். தாய்க்கு அழுத்தம் குறைந்தால், நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். அதனால்தான் அந்த முதல் சில நிமிடங்கள் அவ்வளவு முக்கியம்.

முன்பு சலைன் நிறைய ஏற்றினால் போதும் என்றிருந்தார்கள். அது மட்டும் போதாது என்பது பிறகு தெரிந்தது. 2018-ல் பல நாட்டு மயக்கவியல் நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைப்படி, அழுத்தம் விழும்வரை காத்திருக்காமல், ஊசி போட்டதுமே ஃபினைலெஃப்ரின் போன்ற மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். கூடவே சலைன், தாயை இடது பக்கம் லேசாகச் சாய்த்துப் படுக்கவைப்பது. ஊசிக்கு முன் மேல் அழுத்தம் 120 இருந்தால், 108-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வதுதான் இலக்கு. அக்காவை மிரட்டிய பட்டை அதற்குத்தான்!

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். ஆனாலும் ஆபரேஷன் செய்த டாக்டரின் பெயர்தான் நமக்கு ஞாபகம் இருக்கும். தலைமாட்டில் நின்று பி.பி-யைப் பார்த்துக்கொண்டிருந்த மயக்க மருந்து டாக்டரை யார் நினைக்கிறார்கள்?

எங்கள் தர்மபுரி மாவட்டத்தின் சிட்லிங்கி பள்ளத்தாக்கு இதில் கொஞ்சம் விசேஷம். 1993-ல் அங்கே மலைவாழ் மக்களுக்காக ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கிய தம்பதியில், லலிதா மகப்பேறு மருத்துவர். ரெஜி ஜார்ஜ் மயக்கவியல் மருத்துவர். மலையூரில் சிசேரியன் செய்ய இந்த இரண்டு பேருமே வேண்டும்.

உங்கள் பங்கும் இதில் இருக்கிறது. பி.பி மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதயக் கோளாறு உண்டா, முன்பு எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறீர்களா என்பதையெல்லாம் ஆபரேஷனுக்கு முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மேஜையில் படுத்த பிறகு குமட்டினாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ கூச்சப்படாதீர்கள். நீங்கள் விழித்திருப்பதே ஒரு வசதிதான். பல நேரம் பட்டை அடுத்த அளவைக் காட்டுவதற்குள் உங்கள் வாய் சொல்லிவிடும்.

ஆபரேஷன் முடிந்த பிறகு, முதல்முறை எழும்போது மட்டும் தனியாக இறங்காதீர்கள். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, நர்ஸ் வந்து கையைப் பிடித்த பிறகு நில்லுங்கள்.