கொழுப்பும் ஒரு சுரப்பிதான்

உடற்கொழுப்பு மிஞ்சிய உணவைச் சேமிக்கும் கிடங்கு மட்டுமே என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1994-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டின் மரபணுவைக் கண்டறிந்த பிறகு அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. அதற்கு வழி வகுத்தவர் டக்ளஸ் கோல்மன். பிறவியிலேயே பருத்த எலி ஒன்றையும் இயல்பான எலி ஒன்றையும் ரத்தம் கலக்கும்படி அவர் இணைத்தார். பருத்தது தீனியைக் குறைத்து இளைத்தது. பசியை அடக்கும் ஏதோ ஒன்று ரத்தத்தில் ஓடுகிறது என்று அவர் ஊகித்தார். அதுதான் லெப்டின், அதைச் சுரப்பது கொழுப்புத் திசு.

லெப்டின் ஊசி போட்டால் எல்லோரும் மெலிந்துவிடலாம் என்ற ஆசை சீக்கிரமே கலைந்தது. பருத்தவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே ஏராளம். மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. லெப்டினே சுரக்காமல் பிறக்கும் மிகச் சில குழந்தைகளுக்கு மட்டும் ஊசி அற்புதமாகப் பலித்தது.

கொழுப்புத் திசு சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிப்போனெக்டின் லெப்டினுக்கு நேர்மாறு. கொழுப்பு பெருகப் பெருக, குறிப்பாக வயிற்றுக்குள், இது குறைகிறது. இன்சுலினுக்குத் துணைநின்று, கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பமிலத்தை எரிக்க உதவுவது இது. கூடவே, வீங்கிய கொழுப்புத் திசுவில் வெள்ளணுக்கள் குவிந்து டி.என்.எஃப்-ஆல்பா போன்ற அழற்சிப் பொருள்களைக் கசியவிடுகின்றன. இன்சுலினின் பிடி தளர்கிறது.

ரத்தக் கொழுப்பின் கோளாறு தொடங்குவது இங்கேதான். கொழுப்புச் செல் தன் இருப்பைக் கண்டபடி வெளியே விடாமல் தடுப்பது இன்சுலின். தடை தளர்ந்ததும் கொழுப்பமிலங்கள் பெருக்கெடுக்கின்றன. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கிளம்புபவை போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலை அடைகின்றன. கல்லீரல் அவற்றை ட்ரைகிளிசரைடாக்கி, வி.எல்.டி.எல். துகள்களில் ஏற்றி ரத்தத்துக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் ஒரு பண்டமாற்று நடக்கிறது: சி.இ.டி.பி. என்னும் புரதம் அந்தத் துகள்களின் ட்ரைகிளிசரைடை எச்.டி.எல்., எல்.டி.எல். துகள்களுக்குக் கொடுத்து, அவற்றின் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்கிறது. அப்படி மாறிய எச்.டி.எல். சுருங்கி விரைவில் அழிகிறது. எல்.டி.எல்.லோ சிறுத்து, அடர்ந்து, ரத்தத்தில் அதிக நேரம் தங்கி, தமனிச் சுவருக்குள் எளிதாக நுழைகிறது.

பரிசோதனைச் சீட்டில் இது ஏமாற்றும் தோற்றம் தரும். ட்ரைகிளிசரைடு 150-ஐத் தாண்டியிருக்கும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 என்ற அளவுக்குக் கீழே இருக்கும், எல்.டி.எல். மட்டும் பெரும்பாலும் நல்ல பிள்ளையாகத் தெரியும். அந்த எண் காட்டுவது துகள்களில் உள்ள கொலஸ்ட்ராலின் அளவை. துகள்களின் எண்ணிக்கையை அல்ல. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்துப் பார்ப்பது, செலவில்லாமல் கிடைக்கும் மேலான கணக்கு. தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் முதல் கட்டத்தில், பரிசோதிக்கப்பட்டவர்களில் சுமார் 72 சதவீதம் பேருக்கு எச்.டி.எல். குறைவாக இருந்தது.

குற்றம் கொழுப்பின் அளவில் மட்டும் இல்லை என்பதற்கு லிப்போடிஸ்ட்ரோபி சான்று. தோலடியில் கொழுப்பு குறைந்த அல்லது அறவே இல்லாத இந்நோயாளிகளுக்குச் சேமிக்கப் போதிய இடமில்லை, லெப்டினும் பெரும்பாலும் குறைவு. அவர்களின் கல்லீரலில் கொழுப்பு குவிய, ட்ரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் ஏறுவதுண்டு. 2014-இல் அமெரிக்கா அனுமதித்த மெட்ரெலெப்டின் ஊசி பலருக்கு அதை இறக்குகிறது. பருமனில் அந்த ஊசிக்கு வேலையில்லை. அங்கே எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு இறங்கத் தொடங்குகிறது.